பென்சில், மூன்று டப்பா, ஒரு போன்: வேலையில் கற்றதைத் தொலைக்காமல் இருக்க

நான் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கர், அதாவது இலை தூளாகும் வரை பொறுப்பு என்னுடையது. பத்தொன்பது வருடமாக இதே வேலை. சிறு விவசாயிகளின் பசுந்தேயிலை சாயங்காலம் லாரியில் வந்து இறங்கும், இரவெல்லாம் தொட்டியில் வாடும், விடியற்காலை சி.டி.சி. ரோலருக்கு, அதாவது இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இயந்திரத்துக்குப் போகும். ஏறக்குறைய நாலரை கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள். அந்த ஒரு கிலோ வெளியே வருவதற்குள் எத்தனையோ முடிவு எடுத்தாக வேண்டும், அதுவும் பாதி முடிவுகள் நள்ளிரவில்.

எனக்கு வேலை கற்றுக் கொடுத்த பெரியவர் ஒரு வரி எழுதி வைத்தவர் இல்லை. வாடிய இலையை ஒரு கை அள்ளி உருண்டையாகப் பிடிப்பார். விரலைத் திறந்து, உருண்டை எவ்வளவு மெதுவாக விரிகிறது என்று பார்ப்பார். “இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும் தம்பி” என்பார். சரியாக இருக்கும். அவர் ஓய்வு பெற்றுப் போனபோது அந்தக் கை அவரோடு போய்விட்டது. கூடவே நின்ற நான் கேட்டு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்த வருத்தத்தில்தான் சட்டைப் பையில் நோட்டு வைக்க ஆரம்பித்தேன். என் உதாரணங்கள் எல்லாம் தேயிலையாகத்தான் இருக்கும். ஆனால் ஆஸ்பத்திரியிலோ வங்கியிலோ கம்ப்யூட்டர் முன்னாலோ உட்கார்ந்திருப்பவருக்கும் இந்த முறை அப்படியே உதவும்.

முதலில், நான் செய்த பெரிய தப்பு. ஆரம்ப கால நோட்டில் ஒரு வரி இருந்தது: “14 மணி நேரம் வாட்டினால் தூள் அருமை.” அடுத்த ஜனவரியில் அதை நம்பி அப்படியே செய்தேன். விடியற்காலை தொட்டிக்குள் கை விட்டால், ஓரத்து இலையெல்லாம் சருகு மாதிரி நொறுங்குகிறது. பறித்த இலையில் 75 முதல் 80 சதவீதம் தண்ணீர். சி.டி.சி.க்குப் போகும்போது அது 70 சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும். அன்றைக்கு அதற்கும் வெகு கீழே இறங்கியிருந்தது. ஏலத்தில் அந்தச் சரக்குக்கு விலை விழுந்தது. பிறகுதான் யோசித்தேன்: அந்த வரியை எழுதியது ஒரு நவம்பர் மாதம். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. சாரலும் மூடுபனியுமாக இருந்த இரவில் சரியாக இருந்த நேரம், ஜனவரியின் வறட்டுக் காற்றில் எப்படிச் சரியாக இருக்கும்? குறிப்பில் விடை இருந்தது, சூழ்நிலை இல்லை. அப்படிப்பட்ட குறிப்பு நோட்டில் இல்லாமலே இருந்திருக்கலாம்.

அதிலிருந்து ஒவ்வொரு குறிப்பையும் இப்படித்தான் எழுதுகிறேன்:

நவ. 14, இரவு 11.20. சாரல், காற்று இல்லை.
டிரை பல்பு 15, வெட் பல்பு 14.
பார்த்தது: இலை மேல் தண்ணீர். தொட்டி நடுவில் கை வைத்தால் சூடு.
செய்தது: கிளறிப் பரப்பினேன். சூடான காற்று ஒரு மணி நேரம்.
பலன்:

டிரை பல்பு, வெட் பல்பு என்பவை காற்றின் ஈரத்தை அளக்கும் இரண்டு வெப்பமானிகள்; இரண்டும் நெருங்கி நின்றால் காற்றில் ஈரம் அதிகம். கடைசி வரியை வேண்டுமென்றே காலியாக விடுகிறேன். காலையில் ரோலரிலிருந்து தூள் விழுவதைப் பார்த்த பிறகு பாதி நிரம்பும். குன்னூர் ஏலத்தில் அந்தச் சரக்குக்கு விலை ஏறியதா விழுந்ததா என்று தெரிந்த பிறகு மீதி. காலியாக நிற்கும் ‘பலன்’ கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், நம்மை விடாது. உங்கள் வேலையில் இது நோயாளிக்கு மருந்து மாற்றியதாக இருக்கலாம், வாடிக்கையாளரிடம் ஒரு விஷயத்தை வேறு விதமாகச் சொல்லிப் பார்த்ததாக இருக்கலாம். என்ன செய்தேன் என்று எழுதுவதோடு நிறுத்தினால் அது டைரி. என்ன ஆனது என்று திரும்பி வந்து எழுதினால்தான் அது அடுத்த முறைக்கு உதவும்.

பென்சிலில் எழுதுங்கள். இது எங்கள் மலைக்கு மட்டும் உள்ள யோசனையாக இருக்கலாம். வாட்டும் அறையின் ஈரத்தில் பேனா மை ஊறிப் பரவிவிடும். போனில் எழுதலாமே என்பார்கள். பச்சை இலைச் சாறு ஒட்டிய விரலுக்கு அந்தத் திரை கேட்காது. 2019 ஆகஸ்டில் எங்கள் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அந்த மாதிரிப் பெருமழையில் இந்த மலையில் கரண்டும் இருக்காது, டவரும் இருக்காது. பையில் இருக்கும் நோட்டு இருக்கும்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுக்க எழுதியதில் முப்பது குறிப்பு இருந்தால், நாலைந்துதான் மேலே போகும். ஒரு குறிப்பு தேறுமா என்று முடிவு செய்ய ஒரே கேள்விதான் கேட்கிறேன்: நான் எதிர்பார்த்ததற்கு மாறாக ஏதாவது நடந்ததா? எதிர்பார்த்தபடியே நடந்தது எனக்கு ஏற்கெனவே தெரிந்தது. மாறாக நடந்த இடத்தில்தான் புதிய பாடம் இருக்கிறது. அந்த நாலைந்தைப் போனில் ஒரு குறிப்புச் செயலியில் ஏற்றுகிறேன். ஒரு குறிப்பில் ஒரே விஷயம். தலைப்பைக் கேள்வியாக வைக்கிறேன். “வாட்டம் பற்றி” என்று தலைப்பு வைத்தால் ஆறு மாதம் கழித்து அதைத் திறக்கவே தோன்றாது. “சாரல் இரவில் தொட்டி நடுவில் சூடேறினால் முதலில் என்ன செய்வது?” என்று வைத்தால், அந்த இரவு மறுபடி வரும்போது நம் வாயில் வரும் வார்த்தையே தலைப்பாக இருக்கும். கீழே, தொடர்புள்ள வேறு குறிப்பின் தலைப்பையும் ஒரு வரியில் எழுதிவிடுவேன். ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான் இப்படி ஒன்றோடொன்று கோத்த சுமார் 90,000 காகிதச் சீட்டுகளைச் சேர்த்தார். நமக்கு நூறு போதும்; கோப்பது முக்கியம்.

தமிழில் குறிப்பு எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எழுதுவது சுலபம், குரலில் சொன்னால் போனே எழுதிவிடுகிறது. தேடும்போதுதான் கஷ்டம். ஒரு நாள் டிரையர், அதாவது தூளை உலர்த்தும் இயந்திரத்தின் சூடு பற்றிய குறிப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை. எழுதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடைசியில் பார்த்தால் ஒரு இடத்தில் ‘டிரையர்’, இன்னொரு இடத்தில் ‘ட்ரையர்’, மூன்றாவதில் ‘டிரயர்’. அன்றைக்கே நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு சொல் பட்டியல் போட்டேன். அடிக்கடி வரும் நாற்பது சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்து முறை. ‘தூள்’ என்றால் தூள்தான், ஒரு நாளும் ‘டீத்தூள்’ என்று எழுதுவதில்லை.

இன்னொன்று நம் இலக்கணத்தோடு பிறந்தது. ‘வாட்டம்’ என்று தேடினால் ‘வாட்டத்தை’ என்று எழுதிய குறிப்பு வராது. ‘ஈரம்’ என்று தேடினால் ‘ஈரத்தில்’ வராது. வேற்றுமை உருபு ஏறும்போது அந்த ‘ம்’ கரைந்து ‘த்து’ ஆகிவிடுகிறதே. அதனால் என் போனில் நான் ‘வாட்ட’, ‘ஈர’ என்று கடைசி எழுத்தை விட்டுவிட்டுத் தேடுகிறேன். ‘சாரல்’ என்பதைக்கூட புள்ளி இல்லாமல் ‘சாரல’ என்று அடித்தால் ‘சாரலில்’, ‘சாரலுக்கு’ எல்லாம் சேர்ந்து வருகிறது. உங்கள் செயலியில் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். இது தெரியாமல், நம் குறிப்பு தொலைந்துவிட்டது என்று நினைத்து எழுதுவதையே நிறுத்தியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மனதில் நிற்க வேண்டியவற்றுக்கு மட்டும் அட்டை. நள்ளிரவில் போனைத் தேட நேரம் இருக்காது என்கிற விஷயங்கள் அவை: எந்தச் சத்தம் வந்தால் எதை நிறுத்த வேண்டும், டிரையரிலிருந்து வரும் தூளில் ஈரம் 3 சதவீதத்தை ஒட்டி இல்லாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பவை. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. மூன்று பழைய சாம்பிள் டப்பாக்களில் ‘நாளை’, ‘வாரம்’, ‘மாதம்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும், தவறினால் ‘நாளை’க்குத் திரும்பும். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஹெர்மன் எப்பிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதிவிட்டார். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதுதான் அதற்கு வழி. குன்னூருக்குப் பஸ்ஸில் போகும்போது பத்து அட்டை பார்த்துவிடலாம். ஒன்றே ஒன்று: விடையை வாயால் சொன்ன பிறகுதான் அட்டையைத் திருப்ப வேண்டும். திருப்பிப் பார்த்துவிட்டு ‘ஆமாம், தெரியும்’ என்பது தெரிந்த கணக்கில் சேராது.

புதிதாக எதைப் படிப்பது? சுற்றிலும் பாடங்கள் குவிந்து கிடக்கின்றன. இணையத்தில் படிக்க, ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல் இருக்கிறது. 2017 முதல் மத்திய அரசின் ஸ்வயம் இருக்கிறது. பாடம் இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். குன்னூரில் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. எல்லாவற்றிலும் கை வைத்தால் எதுவும் மிஞ்சாது. நோட்டில் புரியாத இடத்தில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எண்ணிப் பார்ப்பேன். எந்த விஷயத்தைச் சுற்றி அதிகக் கேள்விக்குறி இருக்கிறதோ, அடுத்த மூன்று மாதம் அது மட்டும்தான், ஷிப்டுக்கு முன்னால் அரை மணி நேரம்.

அப்படி ஒரு கேள்விக்குறி வெகு நாள் இருந்தது. நான் ருசி பார்க்கும்போது மென்மையாகத் தெரிந்த டீயை, கீழே சமவெளியில் இருக்கும் வியாபாரி கடுமை என்பார். டீ ருசி பார்க்க உலகத் தர அளவே இருக்கிறது: 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். அளவில் நான் தவறவில்லை. ஒரு நாள் மகள் அறிவியல் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். உயரம் போகப் போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்று வந்தது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். மறுநாள் ருசி பார்க்கும் அறையில் கெட்டில் தளதளவென்று கொதிக்கும்போது வெப்பமானியை விட்டேன். 94-ல் நின்றது. அதற்கு மேல் ஏறவே இல்லை. அவர்கள் தண்ணீர் 100-ஐ ஒட்டி, என் தண்ணீர் 94. ஒரே தூள்தான், இறங்கும் சாறு வேறு. இப்போது கீழே போகும் சரக்கைப் பற்றிப் பேசும்போது அதைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். அந்தக் கேள்விக்குறி நோட்டில் காத்திருந்ததால்தான் மகளின் பாடம் என் காதில் விழுந்தது.

படித்ததை அப்படியே கொண்டுவந்து போட்டுவிடவும் கூடாது. தேயிலை ஆராய்ச்சியில் பெரும்பங்கு அஸ்ஸாமில் நடந்தது, ஜோர்ஹாட்டில் டோக்லாய் நிலையம் 1911 முதல் இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் பறிப்பு நின்றுவிடும், எங்களுக்கு வருடம் முழுக்க இலை வரும். எனவே புதிதாக எதைப் படித்தாலும் முதலில் ஒரே ஒரு தொட்டியில் செய்து பார்ப்பேன், பக்கத்துத் தொட்டி வழக்கப்படி. இரண்டையும் சேர்த்து ஒரு குறிப்பு. நீலகிரியின் மேற்குப் பக்கம் கூடலூரில் இதே வேலை பார்க்கும் நண்பரோடு குறிப்புகளை மாற்றிக்கொள்வதும் இதனால்தான். அவருக்கு ஜூலையில் கொட்டும் தென்மேற்கு மழை, எனக்கு நவம்பரில் வருவது. அவருடைய ஜூலைக் குறிப்பு என் நவம்பருக்கு ஒத்திகை.

வாட்ஸ்அப்பில் வரும் படங்களையும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் சேர்க்காதீர்கள். சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுத முடியாவிட்டால் அது நமக்குப் புரியவில்லை. தொழிற்சாலையின் விலை, சரக்கு எண்ணிக்கை போன்றவை அலுவலகப் பதிவேட்டிலேயே இருக்கட்டும். என் நோட்டுக்கு வருவது நான் கற்றது மட்டும்.

போன வருடம் ஒரு தம்பி இரவு ஷிப்டுக்குச் சேர்ந்தார். “அண்ணா, பெர்மென்டேஷன் போதும்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். ரோலரில் நசுங்கிய இலை காற்றுப் பட்டு நிறமும் மணமும் மாறுவதைத்தான் அப்படிச் சொல்வோம். நேரம் சொன்னேன், நிறம் சொன்னேன், பச்சை மாறிச் செம்பு நிறம் வரும் என்று. “வாசனை?” என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் குறிப்பில் ‘நல்ல வாசனை’ என்றுதான் இருந்தது. அன்று இரவு இருவரும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு பிடி தூளை முகர்ந்து எழுதினோம். முதலில் நறுக்கிய கீரை. பிறகு ஈர வைக்கோல். பிறகு குன்னூர் பேரிக்காயை நன்றாகப் பழுத்த பிறகு வெட்டினால் வருமே, அது. அந்த இடத்தில் டிரையருக்கு விட வேண்டும். அதையும் தாண்ட விட்ட ஒரு பிடி புளித்த வாடை அடித்தது. பெரியவரின் மூக்குக்குத் தெரிந்தது முதல் முறையாக எழுத்தில் வந்தது. யாருக்காவது சொல்லிக் கொடுங்கள். எங்கே வாய் திக்குகிறதோ அங்கே குறிப்பைத் திருத்தி எழுதுங்கள்.

டிசம்பர் கடைசியில் உறைபனி விழுந்து இலை வரத்துக் குறையும்போது பழைய நோட்டை முதலிலிருந்து படிக்கிறேன். ‘பலன்’ காலியாகவே நிற்கும் குறிப்புகளைத் தனியாக எடுத்து, அடுத்த வருடம் மறுபடி செய்து பார்க்க வேண்டியவை என்று புது நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். முதல் பக்கத்தில் அந்த நாற்பது சொற்கள். இந்த வருடம் தம்பிக்கும் சேர்த்து இரண்டு நோட்டு வாங்கினேன். சொல் பட்டியலை அவர் தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.