ஒரு குற்றி, இரண்டு கைகள்: மேடை வித்தையை ஆழமாகப் பழகும் முறை

மேடை மாயவித்தையில் தேர விரும்புபவர் முதல் வருடத்தில் பெட்டி பெட்டியாகச் சாமான் வாங்கத் தேவையில்லை. ஒரு நாணயக் குற்றியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றுவதுபோலக் காட்டி, வலக்கையிலேயே மறைத்துவைக்கப் பழகட்டும். பார்வை, உடம்பு, நேரக்கணக்கு எல்லாம் அந்த ஒரே அசைவில் அடங்கியிருக்கின்றன.

இலங்கையின் 11 பக்கமுள்ள 10 ரூபாய்க் குற்றி போதும். இணையப் பாடங்களில் அதிகம் காட்டப்படும் அமெரிக்க அரை டொலர் 30 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. நம்முடையது அதைவிடச் சிறியது, ஆகவே உள்ளங்கைக் குழியில் சரியான இடத்தை நீங்களே தேடிப் பிடிக்கவேண்டும். நடுவிரல் நுனியால் குற்றியை அங்கே அழுத்தி, பெருவிரலின் அடிச்சதையை இலேசாக உள்ளே கொண்டுவாருங்கள். பெருவிரல் விறைத்து நீண்டால் பிடி பிழை. குற்றி கையில் இருக்கத் தேத்தண்ணி குடியுங்கள், சேர்ட்டுக்குப் பொத்தான் பூட்டுங்கள், பேனை பிடித்து எழுதுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் கை வியர்க்கும். சிறு ஈரம் பிடிமானம் தரும், நனைந்த கை வழுக்கும். மேடையேறமுன் லேஞ்சியால் ஒற்றினால் போதும். பவுடர் பூசவேண்டாம், காய்ந்த கையிலும் குற்றி நில்லாது.

இனித்தான் முக்கியமான வேலை. குற்றியை உண்மையாகவே இடக்கையில் 20 தடவை வைத்து, அதைப் போனில் பதிவு செய்யுங்கள். வலக்கை எப்போது தளர்கிறது, இடக்கை விரல்கள் எந்த வேகத்தில் மூடுகின்றன, கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். பிறகு பொய்யாக மாற்றி, இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் பார்ப்பவருக்கும் தெரியும். இயல்பான அசைவே எல்லாம் என்று கனடாவில் பிறந்த மாயவித்தைக் கலைஞர் டாய் வெர்னன் (1894–1992) வாழ்நாள் முழுக்க வலியுறுத்தியதன் பொருள் இந்த ஒப்பீட்டில் விளங்கும்.

வழமையான பிழைகள் நான்கு. வெறுங்கை இறுகிய முட்டியாகிவிடும். குற்றியுள்ள கை உறைந்து நிற்கும். கண் அந்தக் கைக்கே திரும்பும். இடக்கை அவசரமாகத் திறக்கும். மாற்றியபின் மூன்று, நான்கு செக்கன் விடுங்கள். வலக்கைக்கு ஒரு வேலையும் வேண்டும்: பொக்கெற்றிலிருந்து பேனையை எடுக்கட்டும், குற்றி அங்கேயே தங்கிவிடும். கண்ணாடி முன்னால் மட்டும் பழகுபவர்கள் மறைக்கும் கணத்தில் தம்மையறியாமல் கண் சிமிட்டப் பழகிவிடுகிறார்கள். போன் பதிவு அதைக் காட்டிக்கொடுக்கும்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் பிறந்தநாள் வீடுகளில் பிள்ளைகள் மூன்று பக்கமும் வந்து குந்திவிடுவார்கள். ஆகவே முன்வரிசையின் இரண்டு ஓரக் கதிரைகளிலும், இருப்பவரின் கண் உயரத்தில் போனை வைத்துப் பதிவு செய்யுங்கள். குற்றி மின்னும் இடம் தெரிந்தால், நிற்கும் இடத்தையும் உடம்பின் சரிவையும் மாற்றி, தரையில் ரேப் ஒட்டிக் குறியுங்கள். மின்விசிறியையும் பாருங்கள்: பட்டு லேஞ்சி வித்தை அதற்குக் கீழே எடுபடாது.

சபையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் கலந்திருக்கும். பேச்சைக் குறைத்து, காற்றிலிருந்து குற்றிகளைப் பிடித்து வாளிக்குள் போடும் பழைய வித்தைபோலக் கண்ணுக்கும் காதுக்கும் விளங்குவதைத் தெரிவுசெய்யுங்கள். குற்றி கீழே விழுந்தால் நிதானமாக எடுத்து அடுத்ததற்குப் போங்கள். அதே வித்தையை அதே சபைக்கு இன்னொரு முறை காட்டவேண்டாம். இரண்டாம் முறை அவர்கள் பார்ப்பது உங்கள் வலக்கையை.