உப்புநீர்த் தொட்டி: பழைய சாமான் வாங்கும்போது கோட்டை விடும் இடங்கள்

உப்புநீர் மீன்தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் விலையைக் கேட்டதும் மலைத்துப்போகிறார்கள். யாராவது தொட்டியைக் கலைக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும். தொட்டி, கல், மணல், பம்ப் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை பேசி வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். பழையது வாங்குவது நல்ல வழிதான். எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது என்று பிரித்துப் பார்க்காததுதான் கோளாறு. விரிசல் விட்ட கண்ணாடியும் அறுந்த வயரும் கண்ணுக்கே தெரியும்; அவற்றை விட்டுவிடுவோம்.

செம்பு மருந்து போட்டதா என்று கேட்காமல் வாங்குவது

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். ஒரே கேள்வியில் தப்பித்திருக்கலாம்!

மீன் மட்டும் வளர்க்கிறவர்கள் வெண்புள்ளி நோய் வந்தால் செம்பு மருந்து ஊற்றுவார்கள். சரியான அளவில் ஊற்றினால் பெரும்பாலான மீன்கள் தாங்கிவிடும். இறால், நத்தை, பவளம் தாங்காது. ஊற்றிய செம்பைச் சுண்ணாம்புக் கல்லும் பவள மணலும் பிடித்துவைத்துக்கொள்ளும். வெயிலில் காயவைத்தாலும், நான்கு தண்ணீரில் அலசினாலும் முழுதாகப் போகாது. புதுத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

மீன்கள் ஜோராக நீந்திக்கொண்டிருக்கும். இறால் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து காலை அடித்துக்கொள்ளும். நத்தை கண்ணாடியிலிருந்து நழுவி மல்லாந்து கிடக்கும். கடைக்காரர் நோஞ்சான் இறாலைத் தந்துவிட்டார் என்று நினைத்து இன்னொன்று வாங்கி விடுவார்கள். அதுவும் சாகும். தண்ணீரை மாற்றுவார்கள், உப்பின் மேல் பழி போடுவார்கள். கல்லைச் சந்தேகப்படுகிறவர் அரிது.

விற்கிறவரே இரண்டாம் கையாக இருந்தால் அவருக்கும் தெரியாது. பதில் தெளிவாக வராவிட்டால் கல்லையும் மணலையும் அங்கேயே விட்டுவிடுங்கள். கண்ணாடி செம்பைப் பிடிக்காது. சிலிக்கான் ஒட்டுகளுக்காக, 10 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு வினிகர் கலந்து ஒரு நாள் ஊறவைத்து அலசுங்கள். பிறகு உப்புநீர் நிரப்பி, ஒரு வாரம் கழித்துச் செம்பு டெஸ்ட் கிட்டில் பாருங்கள்.

செம்பு புதுச் சாமானிலும் வரும். வீட்டு ஆர்ஓ இயந்திரங்கள் சிலவற்றில் உடம்புக்கு நல்லது என்று செம்பு கார்ட்ரிட்ஜ் வைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் உப்பைக் கலந்தால் கதை முடிந்தது. ஆர்ஓவுக்குப் பின்னால், மிச்சமிருக்கும் உப்புகளையும் உலோகங்களையும் பிடிக்கும் டிஐ ரெசின் வைத்து, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 0 காட்டும் தண்ணீரையே எடுங்கள். பழைய ஏசியை வைத்துச் சல்லிசாகச் செய்து தரும் சில்லரில் (தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) தண்ணீர் படும் சுருள் பெரும்பாலும் செம்புதான். டைட்டானியம் சுருள் இல்லாத சில்லர் வேண்டவே வேண்டாம்.

ஸ்கிம்மரின் வயிற்றைத் திறந்து பார்க்காதது

தண்ணீரில் கலந்த அழுக்கை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் கருவி ஸ்கிம்மர். பழையதாக வாங்க ஏற்ற சாமான் அதுதான். உடல் வெறும் அக்ரிலிக். பாதி வினிகர், பாதி தண்ணீரில் ஓர் இரவு போட்டால் சுண்ணாம்புப் படிவம் கரைந்துவிடும். உயிர் இருப்பது பம்பில். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரைக் கழற்றி, அதில் இருக்கும் காந்தத்தை விரலால் தடவிப் பாருங்கள். உப்பியிருந்தாலோ, மேலுறை வெடித்துத் துருக்கறை தெரிந்தாலோ உப்புநீர் உள்ளே போய்விட்டது. இன்றைக்கு ஓடும், சீக்கிரமே இறுகி நிற்கும். அந்த மாடலுக்கு இம்பெல்லர் தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு விலை பேசுங்கள்.

பழைய ஹீட்டர்

வேண்டாம். உள்ளே தொடுமுனை ஒட்டிக்கொண்டால் அணையாமல் காய்ந்து மீனை வேகவைத்துவிடும்.

கடலில் எடுத்த பவளக் கல்

வாங்குவதே குற்றம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல் பவளங்கள் இருக்கின்றன.

எல்இடி விளக்கு

ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக முழு வெளிச்சத்தில் அரை மணி நேரம் எரியவிடுங்கள். மின்விசிறியில் உப்பு பூத்திருந்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையும் அரித்திருக்கலாம்.

ஒட்டுமேல் ஒட்டு

200 லிட்டர் தொட்டியில் உப்புநீர் மட்டுமே 205 கிலோ. வீட்டுக்குள் கொண்டுபோகும் முன் சமதளத்தில் வைத்து, அடியில் செய்தித்தாள் விரித்து, மூன்று நாள் தண்ணீர் நிரப்பி வையுங்கள். துளி கசிந்தாலும் தாள் காட்டிக்கொடுக்கும். கசிந்த இடத்தில் மட்டும் சிலிக்கான் பூசாதீர்கள். காய்ந்த சிலிக்கான்மேல் புதியது சரியாகப் பிடிக்காது. உள்பக்க ஒட்டு முழுவதையும் பிளேடால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரே மூச்சில் புதிதாக இழுத்து, ஒரு வாரம் காயவிட்ட பிறகு மறுபடி செய்தித்தாளை விரியுங்கள்.