பின்னாடி ‘டொக் டொக்’னு சத்தம் வருதா?

என்னுடையது பின்பக்கமும் சஸ்பென்ஷன் வைத்த மலை சைக்கிள். ஏற்காட்டுக்கு ஏறும்போது அது வாயே திறக்காது. இறங்கும்போதுதான் பேச்செல்லாம். இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி அடிவாரம் வருவதற்குள், யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி பின்பக்கம் ‘டொக்... டொக்’ என்று வந்துகொண்டே இருக்கும். எஸ்டேட் மண்பாதையில் சில்வர் ஓக் வேர்மேல் ஏறி இறங்கினால் இன்னும் கணீரென்று கேட்கும். ஏறும்போது ஷாக்கை (பின் சக்கர அதிர்ச்சியை வாங்கும், காற்றடைத்த தண்டு) அமுங்காதபடி லாக் செய்து வைத்திருப்பேன், வேகமும் கிடையாது. இறக்கத்தில்தான் பாகங்கள் விலகித் திரும்ப வந்து இடிக்கும்.

காட்டிய கடையில் “ஷாக் போயிருச்சுங்க, மாத்திருங்க” என்றார்கள். சொன்ன விலைக்கு ஒரு பழைய மொபெட்டே வாங்கலாம். நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன். எங்கே ஆட்டம், எவ்வளவு ஆட்டம் என்று பார்க்காமல் ஒரு பாகத்தை மாற்ற எனக்கு மனசு வராது. கடைசியில் போயிருந்தது ஷாக் இல்லை, அதன் கண்ணுக்குள் (முனையில் போல்ட் போகும் ஓட்டை) மோதிரம் மாதிரி உட்கார்ந்திருக்கும் ஒரு புஷ். அதற்குள் நான் தேவையில்லாமல் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டேன்.

சத்தத்தைத் தேடும்போது காதை நம்பக் கூடாது. ஃப்ரேம் முழுக்க வெறுங்குழாய். ஒரு முனையில் தட்டினால் மத்தளம் மாதிரி மறுமுனையில் கேட்கும். முன்னால் ஹேண்டில்பார் திரும்பும் மூட்டு (ஹெட்செட்) தளர்ந்திருந்தாலும் சீட்டுக்கு அடியில் இடிப்பதுபோலத்தான் தோன்றும். அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு சின்ன இறக்கத்தில் நாலைந்து தடவை ஓட்டிப் பாருங்கள். நான் கோரிமேடு பக்கம் காலையில் வண்டி வராத ஒரு தெருவில் செய்வேன்.

உட்கார்ந்தால் சத்தம், எழுந்து நின்றால் இல்லை என்றால் சீட் கம்பி, சீட் போஸ்ட் கிளாம்ப். பெடல் மிதித்தால் மட்டும் என்றால் கிராங்க், அது சுற்றும் அச்சு (பாட்டம் பிராக்கெட்), பெடல். பின் பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றால் பிரேக் பேட் ஆடுகிறது. இதெல்லாம் எதுவும் இல்லையென்றால் செயினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஒருமுறை இறங்குங்கள். சத்தம் காணாமல் போனால் ஃப்ரேமில் செயின் அடிக்கிறது, அவ்வளவுதான். ஃப்ரேமுக்குள் ஓடும் கேபிளும் இதே வேலையைச் செய்யும். கேபிள் வெளியே வரும் இடத்தில் விரலால் இழுத்துப் பிடித்து, ஃப்ரேமை உள்ளங்கையால் தட்டினால் தெரிந்துவிடும்.

அடுத்து பின் சக்கரம். டயரைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். ஸ்டே (சக்கரத்தைப் பிடித்திருக்கும் பின்பக்கக் குழாய்) அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால் ஆக்ஸில் தளர்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் ஹப் பேரிங். ஸ்டேயும் சேர்ந்து அசைந்தால் கோளாறு அதற்கு முன்னால் இருக்கிற மூட்டுகளில்.

இப்போது ஷாக்குக்கு வருவோம். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சைக்கிளை நேராக நிறுத்தி, சீட்டைப் பிடித்து மெதுவாக மேலே தூக்க வேண்டும். சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும் முன்பே விட்டுவிட வேண்டும். தூக்கு, விடு, தூக்கு, விடு. மற்றவர் ஷாக்கின் கண்ணும் ஃப்ரேமும் சேரும் இடத்தில், பாதி விரல் இதில் பாதி விரல் அதில் படும்படி வைத்து, நாடி பார்க்கிற மாதிரி காத்திருக்க வேண்டும். மேல் கண், கீழ்க் கண், பிறகு பின்பகுதி மடங்கும் மூட்டுகள், அதாவது ஒவ்வொரு பிவட்டாக. எங்கள் பட்டறைப் பையன் கீழ்க் கண்ணில் கை வைத்ததுமே, “அண்ணா, இங்க துடிக்குதுண்ணா” என்றான். மூன்று வாரம் நான் காதால் தேடியதை அவன் அரை நிமிடத்தில் விரலால் பிடித்தான்.

அந்தத் துடிப்பு மயிரிழைதான் இருக்கும், இதற்கா இவ்வளவு சத்தம் என்று தோன்றும். என் வண்டியில் ஷாக் 50 மி.மீ. அமுங்கினால் பின் சக்கரம் 130 மி.மீ. நகரும். அதாவது 2.6 மடங்கு. ஷாக் கண்ணில் 0.3 மி.மீ. ஆட்டம் இருந்தால் சக்கரத்தில் முக்கால் மி.மீட்டருக்கு மேல் ஆகிவிடும். அதன்மேல் நம் எடை வேறு விழுகிறது.

சந்தேகம் தீரவில்லையா? ஷாக்கின் இரண்டு போல்ட்டையும் கழற்றி அதை வெளியே எடுத்துவிடுங்கள். இதற்குக் காற்றை இறக்க வேண்டியதில்லை. (ஷாக்கின் காற்றுக் குப்பியான ஏர் கேனைத் திறப்பதாக இருந்தால் மட்டும் காற்றை முழுசாக இறக்காமல் கை வைக்கவே கூடாது. அது துப்பாக்கி மாதிரி.) ஷாக் இல்லாத பின்பகுதியைக் கையால் மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி வர வேண்டும். நறநறவென்றால் பேரிங் போய்விட்டது. பக்கவாட்டில் ஆட்டினால் லொடக்கென்றால் பிவட் போல்ட் தளர்வு, அல்லது பேரிங் தேய்மானம். போல்ட் தளர்வாக இருந்தால் உடனே முழு பலத்தோடு முறுக்காதீர்கள். நிறைய ஃப்ரேம்களில் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று போல்ட் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். டார்க் ரென்ச் இல்லையென்றால் இரவல் வாங்குங்கள். அலுமினியத்தில் மரை போனால் அப்புறம் என்னைப் போன்றவனிடம்தான் வர வேண்டியிருக்கும்.

இனி புஷ். கண்ணில் புஷ்ஷுக்குள் செருகியிருக்கும் சின்ன உருளைதான் ‘பின்’ (pin). அந்தப் பின்னை விரலால் சுற்றுங்கள், ஆட்டுங்கள். ஒரே சீரான இறுக்கத்தோடு சுற்ற வேண்டும், ஆடவே கூடாது. பின்னை வெளியே தள்ளி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சாதாரண டியூ (DU) புஷ், அதாவது வழுக்கும் பூச்சு பூசிய ரகம் என்றால் உள்பக்கம் முழுக்க மங்கலான சாம்பல் நிறப் பூச்சு இருக்கும். என்னுடையதில் ஒரு பக்கம் மட்டும், பிறை நிலா அளவுக்கு, செம்பு நிறம் பளபளத்தது. பூச்சு தேய்ந்து அடியில் இருக்கும் வெண்கலம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். புஷ்ஷின் ஆயுள் அதோடு முடிந்தது. பின்னிலும் அதே இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் விழுந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய பின்னில் புது புஷ் போட்டால் ஒரு மாதம் தாங்காது.

இங்கே நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கையில் லேத் இருக்கும்போது புஷ்ஷை எதற்கு விலைக்கு வாங்க வேண்டும் என்று கன்மெட்டலில் (ஒருவகை வெண்கலம்) நானே கடைந்தேன். இனி ஜென்மத்துக்கும் ஆடக் கூடாது என்று இறுக்கமாக வைத்தேன். சத்தம் போனது, கூடவே சஸ்பென்ஷனும் போனது. உள்ளே அந்தப் பின் சுற்றவே சிரமப்பட்டதால் சின்னக் கல்லெல்லாம் இடுப்பில் இடித்தது. இரண்டு வாரத்தில் அலுமினியப் பின்னில் வரி வரியாகக் கீறல். தேய வேண்டியது மலிவான புஷ், அதைக் காப்பாற்றப் போய் பின்னைத் தேய்த்திருக்கிறேன். பேசாமல் கம்பெனி புஷ்ஷே வாங்கி, சாக்கெட்டும் நீள போல்ட்டும் வைத்து வைஸில் நேராக அமுக்கி ஏற்றினேன். சுத்தியல் வேண்டாம்.

பேரிங் மாற்றுவதாக இருந்தால் ஒரு விஷயம். பிவட் பேரிங் முழுச் சுற்று சுற்றாது, சில டிகிரிதான் முன்னும் பின்னும் அசையும். அதனால் நல்ல ஃப்ரேம்களில் உள்ளே கூண்டு இல்லாமல் குண்டுகளை நெருக்கி அடைத்திருப்பார்கள். பேரிங்மேல் இருக்கும் 6902 மாதிரி அளவு எண்ணை மட்டும் சொன்னால் பேரிங் கடையில் மோட்டாருக்குப் போடுகிற கூண்டு வைத்த ரகத்தைக் கொடுப்பார்கள். அளவு பொருந்தும், ஆயுள் குறையும். பழையதில் ‘மேக்ஸ்’ என்று எழுதியிருந்தால் அதையே கேளுங்கள். நம்ம ஊர் வெள்ளைக்கல் (மேக்னசைட்) தூசி கிரீஸோடு கலந்தால் அரைக்கும் பசை மாதிரி வேலை செய்யும். அதற்காக பைக் சர்வீஸ் ஸ்டேஷனில் பிரஷர் தண்ணீர் அடிப்பது அதைவிட மோசம், தூசியை சீலுக்குள்ளேயே தள்ளிவிடும். வாளித் தண்ணீரும் பழைய துணியும் போதும்.

இத்தனையும் இறுக்கமாக இருந்து இன்னும் இடிக்கிறது என்றால் அப்போதுதான் ஷாக்கின் உள்ளே சந்தேகப்படலாம். சக்கரம் குழியில் விழும் நேரத்தில் ‘டக்’ என்றால், ஷாக் முழு நீளத்துக்குத் திரும்பி முட்டுகிறது. ரீபவுண்டை (அமுங்கிய ஷாக் திரும்பி விரியும் வேகம்) இரண்டு கிளிக் மெதுவாக்கிப் பாருங்கள். சத்தம் மாறினால் இடம் அதுதான். காற்றடித்த பிறகு ஷாக்கை மெதுவாகப் பத்துத் தடவை அமுக்கி விட்டால் உள்ளே இருக்கும் இரண்டு காற்றறைகளின் அழுத்தமும் சமமாகும், சிலருக்கு அதிலேயே சரியாகிவிடும். பெரிய குதிப்பில் மட்டும் இடித்து, ஷாக் கம்பியில் இருக்கும் ரப்பர் வளையமும் கடைசி வரை போயிருந்தால் காற்று குறைவு. உட்கார்ந்தால் ஷாக் அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் கால் பங்கிலிருந்து 30 சதவீதம் வரை அமுங்க வேண்டும், அதற்குமேல் வேண்டாம். ‘சளக் சளக்’ என்று ஈரமான சத்தம் வந்தால் ஷாக்கின் துள்ளலை அடக்கும் டேம்பர் எண்ணெயில் காற்று கலந்திருக்கிறது. பல ஷாக்குகளில் அதற்கு நைட்ரஜன் அடைக்க வேண்டும், வீட்டில் முடியாது. பார்சல் கட்டி அனுப்பிவிடுங்கள். என்ன சத்தம், எப்போது வருகிறது என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே வையுங்கள்.

எல்லாம் பூட்டியபின் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் ஃப்ரேம் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைப்பேன். ஞாயிற்றுக்கிழமை மலையிறங்கி அடிவாரத்தில் டீ சொல்லிவிட்டு, டீ வருவதற்குள் குனிந்து பார்த்தால் எந்தக் கோடு விலகியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.