ஹால்ல கண் கூசுதா? ஜன்னலுக்கு என்ன போடலாம்னு பாத்துடலாம்

துணி, கலர் எல்லாம் அப்புறம். வெயில் அடிக்கிற நேரத்துல டிவியை ஆஃப் பண்ணிட்டு, வழக்கமா உக்கார்ற எடத்துல உக்காந்து அந்தக் கருப்பு ஸ்கிரீனைப் பாருங்க, அதுல எந்த ஜன்னல் பளிச்னு தெரியுதோ அதுதான் உங்க பிரச்சனை. அநேகமா ஒண்ணு ரெண்டு ஜன்னல்தான் இருக்கும், அதுக்குப் போய் எல்லாத்துக்கும் கனமான கர்ட்டன் போட்டு ஹாலையே குகையாக்கிட்டு பகல்லயே லைட் போட்டு உக்கார வேண்டியதில்ல. டிவியை ஜன்னலுக்கு எதிர்லயும் இல்லாம, ஜன்னலுக்கு முன்னாடியும் இல்லாம பக்கவாட்டுல தள்ளி வைக்க முடிஞ்சா பாதி வேலை செலவில்லாம முடிஞ்சுது.

வெளிச்சம் ஜாஸ்தியா இருந்தாதான் கூசும்னு இல்ல. ரூம் இருட்டா இருந்து ஒரு ஜன்னல் மட்டும் பளீர்னு இருந்தாலும் கண்ணு வலிக்கும். அதனால வெளிச்சத்தை மொத்தமா அடைக்காம நேர் வெயிலை மட்டும் மறிக்கணும்.

அடுத்தது திசை. கிழக்கு மேற்கு ஜன்னல்ல காலையிலயும் சாயங்காலமும் சூரியன் தாழ்வா நேரா மூஞ்சில அடிக்கும், அங்க செங்குத்துப் பட்டை வர்ற வெர்ட்டிகல் பிளைண்ட்ஸ் நல்லா வேலை செய்யும், சூரியன் நகர நகர பட்டையைத் திருப்பிக்கலாம். வெயில் உயரத்துல இருந்து எறங்குற ஜன்னலுக்குப் படுக்கைப் பட்டை, அதாவது வெனிஷியன் பிளைண்ட்ஸ். இதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு: பட்டையோட உள்பக்க ஓரம் மேலயும் வெளிப்பக்க ஓரம் கீழயும் இருக்குற மாதிரி சாய்ங்க. மேல இருந்து வர்ற வெயில் பட்டையில முட்டி நின்னுடும், கீழ தரையில பட்டுத் திரும்புற வெளிச்சம் மட்டும் உள்ள வந்து சீலிங் பக்கம் போகும். மாத்தி சாய்ச்சா பட்டை நடுவுல வெயில் வழுக்கிட்டு நேரா சோபாவுக்கு வந்துடும், பிளைண்ட்ஸ் போட்டும் கூசுதேன்னு பொலம்புறவங்க வீட்ல பாதி கேஸ் இப்படித்தான் இருக்கும்னு நெனைக்கிறேன்.

வெளிய பாக்கவும் வேணும் கூசவும் கூடாதுன்னா சோலார் ஸ்கிரீன் ரோலர்தான் என் ஓட்டு. வலை மாதிரி நெய்த துணி, மேல சுருட்டி விட்டுக்கலாம், 1%, 3%, 5%, 10%னு நம்பர் போட்டிருப்பாங்க, அது துணியில எவ்ளோ ஓட்டைங்கிற கணக்கு. நேர் வெயில் அடிக்கிற எடத்துக்கு 1 இல்லன்னா 3, மத்தபடி 5 போதும், 10 எல்லாம் கூச்சத்துக்குப் பெருசா ஒதவாது. கலர்லதான் எல்லாரும் ஏமாறுவாங்க. வெள்ளை போட்டா குளுகுளுன்னு இருக்கும்னு நெனச்சு எடுப்பாங்க, சூட்டைத் திருப்பி அனுப்புறதுல வெள்ளை நல்லதுதான், ஆனா வெயில் பட்டதும் துணியே லைட் போட்ட மாதிரி ஜொலிக்கும், வெளியவும் மங்கலாத்தான் தெரியும். கூச்சம்தான் முக்கியம்னா கரும் சாம்பல் மாதிரி அடர் கலர் எடுங்க, வெளிய இருக்குறதும் தெளிவாத் தெரியும். மெல்லிசான வெள்ளை நெட் கர்ட்டனுக்கும் இதே கதைதான், நேர் வெயில் இல்லாத ஜன்னலுக்கு அழகு, மேற்கு ஜன்னலுக்குத் தொல்லை.

ஒண்ணு மறந்துடாதீங்க, ராத்திரி உள்ள லைட் எரிஞ்சா இந்த வலைத்துணி வழியா வெளிய இருக்குறவங்களுக்கு ஹால் அப்படியே தெரியும். கூடவே ஒரு சாதா கர்ட்டன் வேணும்.

சாம்பிள் துணி கேட்டு வாங்கிட்டு வந்து, கூசுற நேரத்துல ஜன்னல்ல பிடிக்கச் சொல்லி நீங்க சோபாவுல இருந்து பாருங்க, கடை டியூப்லைட்ல பாத்து முடிவு பண்றது வேஸ்ட். ஃபிரேமுக்கு உள்ள மாட்டுற ரோலர்னா ரெண்டு ஓரத்துலயும் கோடு மாதிரி வெளிச்சம் வரும், எடம் இருந்தா ஃபிரேமுக்கு வெளிய, ரூம் உள்பக்க சுவத்துல மாட்டி ரெண்டு பக்கமும் 10 செ.மீ. மாதிரி கூடுதலா விடுங்க. குழந்தைங்க இருக்குற வீடுன்னா தொங்குற கயிறு வேணாம், கழுத்துல மாட்டிக்கிற ஆபத்து இருக்கு, கயிறு இல்லாத மாடலே கிடைக்குது.

சன் ஃபிலிம், அதாவது கண்ணாடி மேல ஒட்டுற மெல்லிசான தாள், ஒட்டலாமான்னா ஒட்டலாம், ஆனா அதை வேண்டாதப்ப மடக்கி வைக்க முடியாது, மேகமூட்டமா இருக்குற நாள்லயும் ரூம் டல்லாத்தான் இருக்கும். ரெட்டைக் கண்ணாடி ஜன்னலா இருந்தா ஃபிலிமால கண்ணாடி ஏகத்துக்கு சூடாகி விரிசல் விட வாய்ப்பு உண்டு, ஒட்டுறதுக்கு முன்னாடி கண்ணாடி போட்டவங்ககிட்ட கேட்டுக்கோங்க.