ஸ்டூர்ஹெட் தோட்டத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. ஸ்டூர்ஹெட் போனால் கிராமத்துப் பக்கம் பாலத்தைப் பார்த்ததும் நேரே ஏரிக்கரையில் இறங்கிவிடாதீர்கள், முதலில் மேலே மாளிகைக்குப் போய் அங்கிருந்து மரநிழல் பாதையில் இறங்கி, ஏரியைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். ஏனென்றால் 18ஆம் நூற்றாண்டில் ஹென்றி ஹோர் என்ற வங்கிக்காரர் தோட்டத்தை அமைத்தபோது மனதில் வைத்திருந்த வரிசையே அதுதான். ஏரிகூட இயற்கையானது இல்லை, அணை கட்டித் தேக்கிய தண்ணீர்!

அந்த வழியில் போனால் முதலில் ஃப்ளோரா கோயில் (ரோமானிய மலர்த் தேவதை பெயரில் கட்டிய அலங்கார மண்டபம்), அங்கிருந்து எதிர்க்கரையில் பாந்தியன் என்ற ரோமானியக் கோயில் பாணி மண்டபம் கண்ணில் படும், ஆனால் உடனே போய்ச் சேர முடியாது. பாதை வளைந்து வளைந்து இருட்டான குகைக்குள் இறக்கிவிடும். உள்ளே நீரூற்றுச் சத்தம், நதித் தெய்வச் சிலை, சுவரில் ஒரு திறப்பு வழியாக ஏரி. வெளியே வந்து கொஞ்சம் நடந்தால் அந்தப் பாந்தியன் பக்கத்திலேயே நிற்கும். எதிர்த்திசையில் போனால் இந்த ஒளித்து விளையாட்டு பாதி கெட்டுவிடும்.

குகைத் தரை ஈரம், நல்ல பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், அப்பல்லோ கோயிலுக்கு மேடு ஏற வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் அதை விட்டுவிட்டு ஏரிக்கரையோடு போகலாம். இலை நிறம் மாறும் அக்டோபர் என்றால் கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள். தோட்டத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் உறுப்பினர் அட்டை இருந்தால் நுழைவுக் கட்டணம் கிடையாது.