ஸ்கூல்ல ராஜா காலத்து நாளா? வாடகை கிரீடத்தை விடுங்க, நடுகல் வீரன் வேஷம் போடுங்க

டைரியில "நாளை மறுநாள் மெடீவல் டே, காஸ்ட்யூமோட வரணும்"னு எழுதி அனுப்பிட்டாங்களா, உடனே வாடகைக் கடைக்கு ஓடாதீங்க. அங்க இருக்கிறது ஜிகினா ஒட்டுன வெல்வெட் கோட்டு, பிளாஸ்டிக் கிரீடம், அவ்ளோதான், எல்லா பிள்ளையும் அதையேதான் போட்டுட்டு வந்து வேர்த்து ஊத்த நிக்கும். இன்னொரு கூட்டம் அதியமான்னு சொல்லி கையில நெல்லிக்காயைக் குடுத்து அனுப்பிடுவாங்க, நம்ம ஊர் ராஜாதான், ஆனா அவரு சங்க காலம், சுமார் 2000 வருஷம் முன்னாடி, மெடீவல்னு சொல்ற இடைக்காலத்துல வரமாட்டாரு.

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு சரியான வேஷம் பக்கத்துலயே இருக்கு, நடுகல் வீரன். நடுகல்னா வீரமா செத்தவங்க உருவத்தைச் செதுக்கி அவங்க நினைவா நட்டு வச்ச கல்லு. பல்லவர் காலத்துலேருந்து நம்ம பக்கம் எக்கச்சக்கமா கிடைச்சிருக்கு, நிறைய இடத்துல வேடியப்பன்னு கும்பிடுறதே இந்தக் கல்லைத்தான். ரெண்டு ஊர் அரசு மியூசியத்துலயும் வச்சிருக்காங்க, பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் ஒருதடவ காட்டிட்டு வேலைய ஆரம்பிங்க (வெள்ளிக்கிழமை லீவு). கல்லுல கிட்டப் போய் பாத்தீங்கன்னா முடியை கொண்டை போட்டிருப்பான், கையில வில்லு, இன்னொரு கையில வாளு, இடுப்புல குறுவாள், துணி முட்டிக்கு மேல கச்சம் கட்டுனது, சில கல்லுல உடம்புல அம்பு குத்தியே நிக்கும். பசங்களுக்கு அந்த அம்புதான் ரொம்பப் பிடிக்கும்.

துணிக்கு செலவே இல்ல. அப்பாவோட காவித் துண்டு இல்ல பழைய காட்டன் வேட்டிய பாதியா கிழிச்சு, உள்ள ஷார்ட்ஸ் போட்டு மேல கச்சம் கட்டுங்க, இடுப்புல பழைய புடவைக் கரையை இறுக்கி சுத்திட்டு பின்பக்கம் மட்டும் ஊக்கு குத்துங்க, முன்னாடி குத்துனா பாத்ரூம் போறப்ப பிள்ளை அழும். முடி கம்மியா இருந்தா கருப்பு சாக்ஸ சுருட்டி ஹேர்பேண்ட்ல தைச்சா கொண்டை ரெடி. வில்லுக்கு எலக்ட்ரிக் கடையில மெல்லிசான ஒயரிங் பைப்ப வாங்கி வளைச்சு சணல் கட்டி பிரவுன் டேப் சுத்துங்க. வாளு, அம்பு எல்லாம் அட்டைதான், முனைய மழுங்க வெட்டுங்க, இல்லன்னா கேட்லயே மிஸ் புடுங்கி வச்சிடுவாங்க. நெஞ்சுல நிக்கிற அம்புக்கு பாதி அம்பு போதும், அடியில வட்டமா ஒரு அட்டை ஒட்டி துணியோட சேத்து தைச்சிடுங்க. பொம்பளப் பிள்ளைக்கும் இதே வேஷம்தான், தனியா எதுவும் வேணாம். வீட்ல எல்கேஜி குட்டி ஒண்ணு இருந்தா அதுக்கு நாய் வேஷம் போட்டு விடுங்க, திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்ல பல்லவ ராஜா மகேந்திரவர்மன் காலத்துக் கல்லுல வீரனோட அவன் நாயும் நிக்குது, பேரு கோவிவன், ரெண்டு கள்ளனக் கடிச்சு காவல் இருந்துச்சுன்னு கல்லுலயே எழுதியிருக்கு.

வேஷத்தை தூக்கி நிறுத்துறது பின்னாடி பிடிக்கிற கல்லுதான். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டி இருந்தா நல்லது, மேல வளைவா வெட்டி, ஃபெவிகால்ல சலிச்ச மணலைக் கலந்து பூசி, காஞ்சதும் சாம்பல் கலர் அடிங்க, அசல் கருங்கல்லுதான். இந்தக் கல்லெல்லாம் பெரும்பாலும் மாட்டை ஓட்டிட்டுப் போறதுக்கும் மீட்கறதுக்கும் நடந்த சண்டையில செத்தவங்களுக்கு நட்டது, மாட்டு மந்தைய அப்ப தொறுன்னு சொல்லுவாங்க, "தொறு மீட்டுப் பட்டான்"னு எழுத்து வெட்டியிருக்கும். பிள்ளை பேரைப் போட்டு "தொறு மீட்டான்"னு மட்டும் எழுதுங்க, பட்டான்னா செத்துட்டான்னு அர்த்தம், பாட்டி கண்ணுல பட்டுச்சுன்னா வீடு ரெண்டாயிடும். அந்த எழுத்து வட்டெழுத்து, அதாவது தமிழை எழுதுன பழைய எழுத்து முறை, நெட்டுல எழுத்து அட்டவணை கிடைக்கும், பாத்து எழுதுனா இன்னும் கெத்து.

பேசச் சொன்னா ரெண்டு வரி போதும், "எங்க ஊர் மாட்டை ஓட்டிட்டுப் போனாங்க, நான் போய் மீட்டுட்டு வந்தேன், அதுக்குத்தான் இந்தக் கல்லு". பக்கம் பக்கமா மனப்பாடம் பண்ண வச்சீங்கன்னா மேடையில முழிக்கும்.

டிபன் பாக்ஸையும் அந்தக் காலமாவே கட்டுறதுன்னா ஒண்ணு கவனிங்க, மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை எல்லாமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, போர்ச்சுக்கீசியர் 1498ல இங்க வந்து இறங்குனதுக்கு அப்புறம்தான் நம்ம அடுப்புக்கு வந்துச்சு. அதனால கடலைச் சட்னி அவுட்டு, நம்ம ஊர்க்காரனுக்கு கஷ்டம்தான். ராகிக் களி, மிளகு போட்ட கொள்ளு கடைசல் பொருத்தமா இருக்கும், ஆனா களி மதியத்துக்குள்ள இறுகிடும், பிள்ளை தொடாது. சாமை தயிர்சோறு பெட்டர், சாமை தண்ணிய குடிச்சிட்டே இருக்கும், அதனால பால் தாராளமா ஊத்திப் பிசைங்க, தாளிக்க கடுகு, கறிவேப்பிலை, மிளகு. கூட ரெண்டு எள்ளுருண்டை.

வேன்ல போற பிள்ளைன்னா கல்லை ஒரே அட்டையா வெட்டாதீங்க, நடுவுல ரெண்டா வெட்டி பின்னாடி துணி டேப் ஒட்டி மடிக்கிற மாதிரி பண்ணுங்க, சீட்டுக்கு அடியில போயிடும். வில்லை டிரைவர் அண்ணன்கிட்ட குடுத்து முன்னாடி வைக்கச் சொல்லிடுங்க.