பழைய மாதா சொரூபங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரச்சிலைப் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக வருபவர்கள், எங்கள் காலத்துத் தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். கையுறை போடு, வெயிலில் வைக்காதே என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அதை விட்டுவிடுகிறேன். இங்கே பேசுவது, குழந்தை இயேசுவோடு இருக்கும் இடைக்கால ஐரோப்பிய மாதா சொரூபங்களைப் பற்றி.

வண்ணத்தைச் சுரண்டி "அசல்" தேடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. மரம்தான் அசல், வண்ணம் பிற்பாடு ஏறியது என்ற நினைப்பில்தான் எல்லா நாசமும் தொடங்குகிறது. செதுக்கி முடித்தால் பாதி வேலைதான் முடிந்தது. மரத்துக்குப் பசை பூசி, இணைப்புகளின் மேல் லினன் துணி ஒட்டி, வெள்ளை அடிப்பூச்சைப் பல தடவை ஏற்றி, அப்புறம்தான் தங்க ரேக்கும் நிறமும். 13ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் செதுக்குபவருக்கும் வண்ணம் தீட்டுபவருக்கும் தனித்தனித் தொழில் விதிகளே இருந்தன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், பிரான்சின் ஓவர்ன் பகுதியிலிருந்து வந்த 12ஆம் நூற்றாண்டு வால்நட் மர மாதா இருக்கிறது. அதில் வண்ணத்தோடு துணியும், ஈயவெள்ளைப் பூச்சின் மேல் வெள்ளீயப் புடைப்பு அலங்காரமும் உண்டு. அங்கே கத்தி வைத்தால் சிற்பத்திலேயே வைத்த மாதிரி.

ஒருமுறை சேகரிப்பாளர் ஒருவர், அமர்ந்த நிலை மாதா ஒன்றைக் கொண்டுவந்தார். "பெயின்ட் எல்லாம் எடுத்தாச்சு, இனி எந்த நூற்றாண்டு என்று சொல்லுங்கள்" என்றார் பெருமையாக. காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, மெழுகு தேய்த்து, தேன் நிறத்தில் பளபளவென்று வைத்திருந்தார். முகத்தில் இமையில்லை, உதட்டுக் கோடில்லை. அவை இருந்தது அடிப்பூச்சிலும் வண்ணத்திலும். மேல்மரம் நார் நாராகக் கிளம்பியிருந்தது. குழந்தையின் அக்குள் மடிப்பில் மட்டும் கொஞ்சம் வெள்ளை, அதன்மேல் ஒரு பொட்டு நீலம். அது அஸுரைட் என்ற நீலக் கனிம நிறமி என்று காட்ட முடிந்தது, அதற்கு மேல் ஒன்றும் முடியவில்லை. ஏட்டைக் கழுவிவிட்டு எழுத்தைப் படிக்கச் சொன்னார்.

சரி, மேல் அடுக்குகளை மட்டும் எடுத்து முதல் அடுக்கைக் காட்டலாமே? இந்தக் கேள்வி எப்போதும் வரும். ஜெர்மனியின் பாடர்போர்ன் நகர ஆயர் இமாட் 11ஆம் நூற்றாண்டில் செய்வித்த மாதாவுக்கு முதலில் வண்ணம் பூசினார்கள், பிறகு பொன்முலாம் தகடு போர்த்தினார்கள். இதில் எது அசல்? ஸ்பெயினின் மொன்செராட் மடத்து மாதாவின் கறுப்பு பின்னால் ஏறியது. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் முழந்தாளிட்டது அந்தக் கறுத்த முகத்தின் முன்தான். பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்தில் தூண்மேல் நிற்கும் மாதா இன்னும் பிந்தியது, 16ஆம் நூற்றாண்டு. அதன் கறுத்த முகத்தை 2010களில் வெளுப்பாக்கிவிட்டு வாங்கிய திட்டு கொஞ்சமல்ல.

துகள் அளவு மாதிரி எடுத்து, நுண்ணோக்கியில் அடுக்குகளைப் பாருங்கள். பூச்சு கிளம்பினால் ஒட்டுங்கள். கத்தியை எடுக்கும் அவசரம் வேண்டாம்.

"குழந்தைக்குக் கிழவன் முகம், சிற்பிக்குத் தெரியவில்லை" என்பது

தெரியும். குழந்தை ஞானத்தின் உரு, அதனால்தான் முதிர்ந்த முகம். தாய் அந்த ஞானத்தின் அரியணை.

கையை வைத்துக் காலம் கணிப்பது

தனியாகச் செதுக்கிப் பொருத்திய கைகள்தான் முதலில் உடையும். நீங்கள் பார்ப்பது அநேகமாக மாற்றுக் கை. குழந்தையையும் நம்பாதீர்கள். மொன்செராட்டில் மடியில் இருப்பது பிற்காலக் குழந்தை.

நிற்கும் மாதாவின் உடல் வளைவுக்கெல்லாம் யானைத் தந்தத்தைக் காரணம் சொல்வது

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும், செயின்ட் ஷபேல் என்ற சிற்றாலயத்து மாதா 13ஆம் நூற்றாண்டுத் தந்த வேலை, 41 செ.மீ. உயரம். தந்தத்தின் வளைவு அங்கே உதவியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தில் 2019 தீயில் தப்பிய 14ஆம் நூற்றாண்டு மாதாவும் இடுப்பை ஒடித்துத்தான் நிற்கிறாள். அவள் கல்.

முதுகில் குழி இருந்தாலே திருப்பண்டப் பேழை என்பது

சிலவற்றில் திருப்பண்டம், அதாவது புனிதர்களின் எலும்பு போன்ற புனித எச்சம், வைத்ததுண்டு. பெரும்பாலும், மரம் வெடிக்காமல் இருக்க நடுமரத்தைக் குடைந்தெடுத்த குழிதான்.

வண்டுத் துளையைக் கண்டதும் அடைப்பது

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரப் பொன் மாதா சுமார் 980இல் செய்தது, 74 செ.மீ. உள்ளே மரம், மேலே கால் மில்லிமீட்டருக்கும் மெல்லிய தங்கத் தகடு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுது பார்த்தவர்கள், வண்டு அரித்த மரத்துக்குள் ஜிப்சம் கலவையை நிரப்பினார்கள். அந்தத் தகட்டுக்குள் ஈரக் கலவை! என்ன துணிச்சலோ.